எதற்காகக் காத்திருந்தோம்? ஹோம்வேர்ல்ட் 3 வெளியீட்டை முன்வைத்து

2024 மே 13ஆம் நாள் ஹோம்வேர்ல்ட் 3 வெளிவந்தது. 2019 ஆகஸ்ட் இறுதியில் அறிவிக்கப்பட்டு, குறித்த காலம் மீண்டும் மீண்டும் தள்ளிப்போய், ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்குப் பின் வந்த விண்வெளிப் போர் வியூக விளையாட்டு இது. முதல் பாகம் 1999இலும் இரண்டாம் பாகம் 2003இலும் வந்தன. பழைய விளையாட்டாளர்களின் கணக்கில் இது இருபது ஆண்டுகளுக்கும் மேலான காத்திருப்பு.

இலக்கியமும் பண்பாடும் பயிலும் நண்பர்கள் நிறைந்த இப்பக்கத்தில் ஒரு கணினி விளையாட்டுக்காக இவ்வளவு நீண்ட பதிவு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு படைப்பின்மீது நமக்கு எழும் எதிர்பார்ப்பு நம் உள்ளத்தில் தானாக முளைப்பது என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். இன்று அது திட்டமிட்டு விளைவிக்கப்படுகிறது. விலை குறித்து விற்கவும்படுகிறது. இந்த மாற்றத்தை ஹோம்வேர்ல்டின் கதை தெளிவாகக் காட்டுகிறது. இதில் என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழையது அப்படியே திரும்பி வர வேண்டும் என்று கேட்பது பழையதன் சிறப்புக்கே மாறானது. நம் எதிர்பார்ப்பை விற்பனையாளர் வகுத்துத் தருமுன் நாமே வகுத்துக்கொள்ள வேண்டும்.

விளையாடியிராதவர்களுக்காகச் சில செய்திகள். கனடாவின் வான்கூவர் நகரைச் சேர்ந்த ரெலிக் என்டர்டெயின்மென்ட் உருவாக்கி, சியரா நிறுவனம் 1999 செப்டம்பரில் வெளியிட்ட விளையாட்டு ஹோம்வேர்ல்ட். காரக் என்னும் பாலைக் கோளில் வாழும் மக்கள், மணலுக்கடியில் புதைந்த பழம் விண்கலம் ஒன்றைக் கண்டெடுக்கிறார்கள். அதனுள் இருந்த கல்லில் விண்மீன் வரைபடமும் ‘ஹிகாரா’ என்ற ஒரு சொல்லும் பொறிக்கப்பட்டுள்ளன. அச்சொல்லுக்கு ‘நம் வீடு’ என்பது பொருள். தாம் இந்தக் கோளுக்கு உரியவர்கள் அல்லர் என்பதை அப்போதுதான் அவர்கள் அறிகிறார்கள். பல தலைமுறை உழைப்பில் ஒரு தாய்க்கப்பல் எழுகிறது. காரன் ஸ்ஜெட் என்ற அறிவியலாளர் தம் உடலையே அக்கப்பலோடு பிணைத்துக்கொண்டு அதன் மனமாக மாறுகிறார். வெள்ளோட்டம் முடிந்து திரும்பும்போது காரக் எரிந்துகொண்டிருக்கிறது. எஞ்சியோர், சுற்றுப்பாதையில் உறைதுயிலில் வைக்கப்பட்டிருந்த ஆறு லட்சம் பேர் மட்டுமே.

அந்த மூன்றாம் கட்டத்தை விளையாடியவர்கள் அதை மறப்பதில்லை. உறைதுயில் பேழைகளைத் தாக்கும் எதிரிகளை விரட்டி, பேழைகளை ஒவ்வொன்றாகத் தாய்க்கப்பலுக்கு இழுத்து வர வேண்டும். பின்னணியில் சாமுவேல் பார்பரின் ‘அக்னுஸ் தேயி’ என்ற கூட்டிசை ஒலிக்கிறது. பழிவாங்கும் முழக்கம் எதுவும் எழுவதில்லை. கட்டளைக் குரல் தழுதழுக்காமல் செய்தியை மட்டும் சொல்கிறது. விளையாடுபவருக்கு அழ நேரமில்லை. செய்ய வேலை இருக்கிறது. துயரத்தை வேலையாக மாற்றிக் கையில் கொடுத்ததுதான் அந்தக் கட்டத்தின் வலிமை. திரைப்படத்தாலோ நாவலாலோ இதை இதே வழியில் செய்ய இயலாது.

விதிமுறைகளும் இக்கதைக்கு இசைந்தே அமைந்திருந்தன. அக்காலத்தின் புகழ்பெற்ற நிகழ்நேர வியூக விளையாட்டுகள், 1995இன் கமாண்ட் அண்ட் கான்கரும் 1998இன் ஸ்டார்கிராஃப்டும், தரையில் விரித்த வரைபடத்தின் மீது நிகழ்பவை. ஹோம்வேர்ல்டில் தரை இல்லை. கப்பல்களை முன்னும் பின்னும் நகர்த்துவதுபோல் மேலும் கீழும் நகர்த்தலாம்; தாக்குதல் எத்திசையிலிருந்தும் வரலாம். அதனினும் முக்கியமான விதி வேறொன்று. மற்ற விளையாட்டுகளில் ஒவ்வொரு கட்டமும் புதிய படையோடு தொடங்கும். இங்கே ஒரு கட்டத்தில் தப்பிய கப்பல்களே அடுத்த கட்டத்துக்கும் வரும். இழந்தவை இழந்தவைதாம். நாடற்றுப் பயணப்படும் மக்களின் நிலையைக் கதைமாந்தர் சொல்லித் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. குறைந்துவரும் கப்பல்களை எண்ணும்போதே அது புரிந்துவிடும்.

இங்கே நம் துறையின் கருத்தாக்கம் ஒன்று துணைக்கு வருகிறது. ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் 1967இல் கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையின்வழி இலக்கிய ஆய்வுக்குள் வலுப்பெற்றது ‘எதிர்பார்ப்பின் அடிவானம்’ என்னும் கருத்து. வாசகர் எவரும் வெறும் மனத்தோடு ஒரு நூலைத் திறப்பதில்லை. முன்பு படித்தவை, அவ்வகைமையின் மரபுகள், வாழ்க்கை அனுபவம் எல்லாம் சேர்ந்து அவருக்கு ஓர் அடிவானத்தை அமைக்கின்றன. புதிய படைப்பு அந்த அடிவானத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது, அதை எவ்வாறு நகர்த்துகிறது என்பதைக்கொண்டு அதன் அழகியல் மதிப்பை அளக்கலாம் என்றார் யாவுஸ். எதிர்பார்த்ததை எதிர்பார்த்தபடியே தருவது நுகர்பொருளை நெருங்கிவிடுகிறது என்பது அவர் வாதம்.

1999இல் ஹோம்வேர்ல்ட் செய்தது இத்தகைய விலகலே. கனிமம் தோண்டு, பாசறை அமை, எதிரியை அழி என்ற வரிசையை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு எரியும் கோளையும் கூட்டிசையையும் எண்ணிப் பார்க்க வேண்டிய கப்பல்களையும் அது கொடுத்தது. அதை நேசித்தவர்கள் அந்த விலகலை நேசித்தார்கள். அவர்களிற் பெரும்பகுதியினர் மூன்றாம் பாகத்திடம் கேட்டது விலகல் இன்மையை: அதே இசை, அதே வண்ண வானம், அதே துயரம். இம்முரண்பாட்டை உணராமல் அதை எதிர்கொண்டால், விளையாட்டு எப்படி அமைந்தாலும் நாம் ஏமாற்றமடைவோம். பழையதைப் போலவே இருந்தால் புதுமை இல்லை என்போம். மாறியிருந்தால் துரோகம் என்போம்.

இதற்கான விடையைக் கதையே வைத்திருக்கிறது. ஹிகாராவை நோக்கிச் செல்லும் மக்களுள் ஒருவரும் அதைப் பார்த்தவரல்லர். அவர்களிடம் இருப்பது ஒரு கல்லும் ஒரு சொல்லும். அவர்கள் உண்மையில் அறிந்த வீடு காரக், அதுவோ எரிந்துவிட்டது. எனவே அப்பயணத்தைத் ‘திரும்புதல்’ என்று சொல்வதே ஒரு நம்பிக்கையின் பாற்பட்டது. நினைவில் உள்ள இடத்துக்கு அவர்கள் போகவில்லை. பெயர் மட்டும் தெரிந்த இடத்துக்குப் போகிறார்கள். ‘நம் ஹோம்வேர்ல்ட் திரும்ப வேண்டும்’ என்போர் அந்த விளையாட்டையே மீண்டும் ஒருமுறை கவனமாகப் படிக்கலாம்.

இனி, இக்காத்திருப்பு எப்படி நீண்டது என்பதைப் பார்ப்போம். இரண்டாம் பாகத்துக்குப் பின் தொடர் உறங்கிப்போனது. உரிமை டிஹெச்கியூ நிறுவனத்திடம் இருந்தது. அந்நிறுவனம் நொடித்துப்போய் 2013இல் அதன் உடைமைகள் ஏலத்துக்கு வந்தபோது, கியர்பாக்ஸ் நிறுவனம் 13.5 லட்சம் டாலருக்கு ஹோம்வேர்ல்டை வாங்கியது. 2015இல் முதலிரு பாகங்களின் புதுப்பிப்பு வந்தது. 2016இல் முற்கதையான ‘டெசர்ட்ஸ் ஆஃப் காரக்’ வந்தது. அதை உருவாக்கிய ப்ளாக்பேர்ட் இன்டராக்டிவ், முதல் பாகத்தின் கலை இயக்குநரான ராப் கன்னிங்ஹாம் முதலான பழைய ரெலிக் கலைஞர்கள் தொடங்கிய நிறுவனம். மூன்றாம் பாகமும் அவர்களுடையதே. முதல் பாகத்துக்கு இசையமைத்த பால் ரஸ்கேயே இதற்கும் இசையமைத்தார்.

2019இல் அறிவித்தபோது 2022இன் இறுதிக்காலாண்டு குறிக்கப்பட்டது. பின்னர் 2023இன் முதற்பாதி என்றார்கள். பிறகு 2024 பிப்ரவரி. பிறகு மார்ச் 8. இறுதியில் மே 13. முல்லைத்திணை பயின்றவர்களுக்கு இந்த நிலை புதிதன்று. கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிச் சென்றவன் வரவில்லை, மழையோ வந்துவிட்டது. இது பருவ மழை அன்று, காலமல்லாக் காலத்தில் பொழிந்தது என்று தோழி தேற்றுவாள். ஒவ்வொரு தேதி மாற்றத்தின்போதும் விளையாட்டாளர்கள் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டது இவ்வாறுதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முல்லையில் காத்திருப்பவளுக்கும் சென்றவனுக்கும் இடையே வணிகர் எவரும் இல்லை. ‘இருத்தல்’ என்ற உரிப்பொருளுக்கு அங்கே விலை இல்லை.

இங்கே விலை இருக்கிறது. அறிவிப்போடு சேர்த்தே ஃபிக் என்னும் கூட்டுநிதித் தளத்தில் பணம் பெறப்பட்டது. வெளியீட்டுக்கு முன் முன்பதிவும் நடந்தது. வெவ்வேறு விலையில் வெவ்வேறு பதிப்புகள். கூடுதல் விலை கொடுத்தவர் சில நாள் முன்னதாகவே விளையாடத் தொடங்க முடிந்தது. இக்கடைசிச் செய்தியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முதலில் காத்திருப்பை நீட்டி வளர்க்கிறார்கள். பின்னர் அதிலிருந்து மூன்று நாளைக் குறைத்துக்கொள்ளும் உரிமையை விற்கிறார்கள். விளையாட்டு மட்டுமல்லாமல் பொறுமையின்மையும் சரக்காகிவிட்டது. யாவுஸ் பேசிய அடிவானம் முற்கால வாசிப்புகளால் அமைந்தது. நம் அடிவானத்தை முன்னோட்டக் காட்சிகளும் பதிப்பு அட்டவணைகளும் நாள்தோறும் திருத்தி எழுதுகின்றன.

இந்தியாவிலுள்ள மாணவர்களுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். விடுதி அறையில் நம்மிற் பலரிடம் இருப்பது தனி வரைகலை அட்டை இல்லாத மடிக்கணினி. இத்தகைய வெளியீட்டு நாளில் நாம் விளையாடுவதில்லை. பிறர் விளையாடுவதை யூடியூபில் பார்க்கிறோம். படைப்பைத் தொடாமலேயே அதைப் பற்றிய முன்னோட்டமும் தீர்ப்பும் நம்மை வந்து சேர்ந்துவிடுகின்றன. நூலைப் படிக்காமல் மதிப்புரைகளை மட்டும் படிப்பதற்கு ஒப்பான நிலை இது. நம் வகுப்பறைகளிலோ கணினி விளையாட்டு என்றால் அடிமைப்பழக்கம், சூதாட்டம், வேலைவாய்ப்பு என்ற மூன்று தலைப்புகளுக்கு அப்பால் பேச்சு நகர்வது அரிது. இவ்விரண்டு வெற்றிடங்களுக்கும் நடுவே விளம்பரம் தடையின்றி ஆசிரியராக அமர்ந்துவிடுகிறது.

நாம் எதிர்பார்த்த பொருள் யாருடையது என்ற கேள்வியும் உண்டு. கியர்பாக்ஸை 2021இல் ஸ்வீடனின் எம்பிரேசர் குழுமம் வாங்கியது. 2023இல் அக்குழுமம் மறுசீரமைப்பு என்ற பெயரில் ஆட்குறைப்பைத் தொடங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில் வோலிஷன் என்ற முப்பதாண்டுக் கூடமே மூடப்பட்டது. 2024 மார்ச் இறுதியில், கியர்பாக்ஸை 46 கோடி டாலருக்கு வாங்குவதாக டேக்-டூ அறிவித்தது. ஹோம்வேர்ல்டின் உரிமையும் அதனோடு கைமாறியது. முதற் பாகத்தை ஆக்கிய ரெலிக்கையும் அதே மாத இறுதியில் சேகா விற்றுவிட்டது. ப்ளாக்பேர்டிலும் 2023இல் ஆட்குறைப்பு நிகழ்ந்தது. வெளியீட்டுக்குச் சில வாரங்கள் இருந்தபோது படைப்பின் உரிமையாளர் மாறுவது அறிவிக்கப்பட்டது. அதை ஆக்கியவர்களுள் சிலர் அதற்கு முன்பே வெளியேறியிருந்தார்கள். ‘எங்கள் ரசிகர்களுக்காக’ என்ற விளம்பர வாசகத்தில் வரும் ‘எங்கள்’ யாரைக் குறிக்கிறது என்பதை நாம் கேட்டாக வேண்டும்.

வரப்போவதன்மீது குவியும் இவ்வளவு கவனத்தில் சிறு பங்கேனும் முன்பே வந்தவற்றுக்குக் கிடைத்ததா? 2015இன் புதுப்பிப்பை எடுத்துக்கொள்வோம். முதல் பாகத்தை இரண்டாம் பாகத்தின் இயக்கப்பொறியில் ஏற்றியமைத்தார்கள். மூலத்தில் ஒவ்வொரு குண்டும் தனிப்பொருளாகப் பறந்து, வழியில் இருப்பதைத் தாக்கும். புதுப்பிப்பில் வாய்ப்புக் கணக்கே தாக்கத்தைத் தீர்மானித்தது. அணிவகுப்புகள் பழையபடி நிலைக்கவில்லை. சிறுகலங்களுக்கு இருந்த எரிபொருள் கட்டுப்பாடு நீங்கியது. 2016இல் வந்த பெரிய திருத்தத்தில்தான் குண்டுகளும் அணிவகுப்புகளும் ஓரளவு சீராயின. சுவடிப் பதிப்பு பயின்றவர்கள் இதனைப் பாடபேதம் என்று உடனே அடையாளம் காண்பார்கள். இந்த வேறுபாடுகளைக் குறித்துவைத்தவர்களுள் முதன்மையானவர்கள் விளையாட்டாளர்கள். நம் துறையினர் அல்லர். நல்வாய்ப்பாக அத்தொகுப்பில் பழைய வடிவங்களும் சேர்க்கப்பட்டிருந்ததால் ஒப்பிட முடிகிறது.

2000இல் வந்த ‘கேட்டக்கிளிசம்’ என்ற கிளைக்கதைக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. அதன் மூலநிரல் கிடைக்காததால் புதுப்பிப்பில் அது இடம்பெறவில்லை. 2017இல் மறுவெளியீடு கண்டபோதும், பெயருரிமைச் சிக்கலால் ‘எமர்ஜென்ஸ்’ என்ற வேறு பெயரில்தான் வந்தது. இப்படி ஒரு படைப்பு, மூலத்தை இழந்து பெயரையும் மாற்றிக்கொண்டு நிற்கிறது. ஓலைச்சுவடிகள் செல்லரித்ததை எண்ணி வருந்தும் நாம், நம் கண்முன் நடக்கும் இவ்வழிவைக் காண்பதில்லை. வரப்போவதை எதிர்பார்க்கும் ஆவல், இருப்பதைப் பேணும் கடமையை மறக்கச் செய்கிறது. அடுத்தது வந்துவிடும் என்ற நம்பிக்கையே முந்தையதைக் கைவிடத் துணிவு தருகிறது.

எதிர்வாதங்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும். நிகழ்நேர வியூக விளையாட்டு இன்று நலிந்த வகைமை. முன்பணம் கொடுத்து ஆதரிக்காவிட்டால் அது அழிந்துபோகும் என்பது ஒன்று. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆதரவு என்பது வெளியீட்டுக்கு முன்தான் தரப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வந்த பின் படித்தறிந்து வாங்குவதும் ஆதரவே. தகுதியைக் கண்டு அளிப்பதால் அது ஆக்கியவர்களுக்குக் கூடுதல் மதிப்பும் ஆகும். மற்றொரு வாதம், நினைவேக்கம் மனித இயல்பு, அதைக் குறை சொல்வது வறட்டு அறிவுவாதம் என்பது. நினைவேக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அதை அளவுகோலாக்குவதையே மறுக்கிறேன். இளமையில் ஒரு படைப்பு தந்த வியப்பில் படைப்பின் பங்கு எவ்வளவு, இளமையின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. இரண்டையும் சேர்த்து ஒரு புதிய படைப்பிடம் கேட்பது நியாயமும் அன்று.

எனக்கும் எதிர்பார்ப்பு இருந்தது. அதை வெளியீட்டுக்கு முன் மூன்று கேள்விகளாக எழுதி வைத்தேன்.

முதலாவது, வெளி பற்றியது. இப்பாகத்தில் பண்டைய மாபெரும் கட்டுமானங்களின் சிதைவுகள் விண்வெளியில் மிதக்கின்றன. அவற்றின் இடுக்குகளில் கப்பல்கள் ஒளியலாம், ஊடுருவலாம். தரையற்ற விளையாட்டுக்குள் இவ்வாறு ஒரு நிலப்பரப்பு நுழைகிறது. இது மூன்றாம் பரிமாணத்துக்குப் பொருள் சேர்க்குமா, அல்லது வெறும் சுவர்களாக நின்று பழைய வரைபடத்துக்கே நம்மைத் திருப்புமா?

இரண்டாவது, இழப்பு பற்றியது. தப்பிய கப்பல்கள் தொடர்ந்து வரும் விதி இங்கே எவ்வளவு எடை பெறும்? ‘வார் கேம்ஸ்’ என்ற கூட்டாட்ட முறையில், தோற்றபின் மீண்டும் மீண்டும் புதிதாகத் தொடங்கும் அமைப்பு இருக்கிறது. இழப்பை மீளத் தொடங்கத்தக்கதாக்கும் அந்த முறையும், இழப்பை மீளாததாக்கும் கதைப்பகுதியும் ஒரே படைப்புக்குள் எப்படி இணங்கி வாழும்?

மூன்றாவது, குரல் பற்றியது. முதல் பாகம் மிகக் குறைவாகப் பேசியது. அதன் மாந்தர்களுக்கு முகம் இல்லை என்றே சொல்லலாம். மக்களே அதன் நாயகர். புதிய பாகம் இமோஜன் ஸ்ஜெட் என்ற தனிமனிதரை முன்னிறுத்துகிறது. ஒரு மக்களின் கதை ஒருவரின் கதையாக மாறும்போது கிடைப்பது எது, நழுவுவது எது?

இக்கேள்விகளுள் எதற்கும் ‘பழையபடி இருக்கிறதா’ என்பது விடையாகாது. இவை படைப்பு தன்னளவில் என்ன செய்கிறது என்று கேட்பவை. 2024 பிப்ரவரியில் சோதனை வடிவம் வெளியானபோது விளையாட்டாளர்கள் கட்டுப்பாட்டு முறையைப் பற்றித் தெளிவான குறைகளைச் சொன்னார்கள். அவற்றைச் சரிசெய்யவே மார்ச் 8 என்ற தேதி மே 13 ஆயிற்று. தள்ளிப்போன தேதிகளுள் இது ஒன்றை மட்டும் நான் மகிழ்ந்து வரவேற்கிறேன். ரசிகர் வாடிக்கையாளராக மட்டும் நில்லாமல் வாசகராகப் பேசியதன் பயன் அது.

எனவே இத்துறையில் ஆர்வமுள்ள மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் காத்திருக்கும் ஒரு விளையாட்டின் வெளியீட்டுக்கு முன் உங்கள் எதிர்பார்ப்பை அரைப்பக்க அளவில் எழுதித் தேதியிட்டு வையுங்கள். எது முன்னோட்டத்தில் பார்த்தது, எது பிறர் சொன்னது, எது பழைய பாகத்தை விளையாடிப் பெற்றது என்று பிரித்துக் காட்டுங்கள். பழைய பாகத்தை விளையாடாதவர்கள் அதன் மூல வடிவத்தைத் தேடி விளையாடுங்கள். நம் சாதாரண மடிக்கணினிகளிலும் அது இயங்கக்கூடியதே. வெளியீட்டுக்குப் பின் அந்தக் குறிப்பை எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு தலைமுறை வாசகரின் அடிவானம் எப்படி அமைந்தது, எவ்வாறு நகர்ந்தது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று பின்வரும் ஆய்வாளருக்குக் கிடைக்காது. உங்கள் குறிப்புகளை இப்பதிவின் கீழ் இட்டால் நானே தொகுத்து வைக்கிறேன். முன்பதிவுக்கான பணத்தை அதுவரை பையிலேயே வைத்திருங்கள்.